வகிடு

சுங்காயில் எங்கள் கடைப் பலகையில் மூன்று எழுத்துகள்.
தமிழ் இடமிருந்து கிளம்பும்.
ஜாவி அதன் எதிரே வரும்.
சீனம் மேலிருந்து குதிக்கும்.
கீழே நான், மௌஸைப் பிடித்தபடி.
கல்யாண அட்டை, ஐ.சி. படம், தள்ளுபடித் தாள்,
இரங்கல் பேனர்.

கெண்டியின் மூக்கு வலப்பக்கம் நீண்டால்
இப்போது ஊற்றப் போகிறது.
இடப்பக்கம் நீண்டால்
யாரோ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.
ஏனென்று கேட்காதீர்கள்,
என் கண்ணுக்கு அப்படி.
ஆ செங்கின் இரும்புக் கடைத் தாளில் பதினேழு சாமான்,
பதினாறை என் இஷ்டத்துக்குத் திருப்பிவைத்தேன்.
ரைஸ் குக்கருக்குப் பக்கம் ஏது.

உஸ்தாஸ் ஹஸ்புல்லா
பள்ளிப் பஸ் போஸ்டரைப் பார்த்து நெடுநேரம் நின்றார்.
“பஸ் ஏன் வீட்டுக்குத் திரும்புது?”
எனக்கு அது பள்ளிக்குப் போகிற பஸ்.
திருப்பினேன்.
அவருக்குப் போனது, எனக்கு வந்தது.
இருவரும் சிரித்தோம்,
ஒரு மிலோ பாக்கெட்டும் வாங்கிக் கொடுத்தார்.

முகங்கள் அப்படிச் சிரிப்பில் முடிவதில்லை.

சன்னாசி இறந்த செவ்வாய்க்கிழமை
மகன் தீபன்ராஜ் போனில் படம் அனுப்பினான்.
திருவிழாக் கூட்டம், பின்னால் யாருடைய காவடியோ.
வெட்டி எடுத்து ஓரத்தில் வைத்தேன்.
தோற்றத்துக்கும் மறைவுக்கும் முதுகைக் காட்டி
பேனருக்கு வெளியே பார்த்தார்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல.
ஒரு சொடுக்கு.
வலக் கன்னம் இடக் கன்னமானது.
முகம் கொஞ்சம் இளகியது, சத்தியமாக இளகியது.
ஆறடி, பளபளவென்று வந்தது.

பாக்கியவதி உள்ளே வந்தாள்.
இருபத்தாறு வருஷம் பால்வெட்டு.
இடம் மேலே, வலம் கீழே,
அந்தச் சரிவு மாறினால் மங்கில் பால் குறையும்
என்று மணிக்கட்டுக்குத் தெரிந்தவள்.

“இது அவரு இல்ல.”

“அதே படம்தான், அக்கா.”

“வகிடு அந்தப் பக்கம் இருக்கு.
யாரோ அவரு சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான்.”

தீபன்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்,
“எனக்கு இதுதாம்மா அப்பா.”

காலை ஆறு மணி, குளியலறைச் சுவரில்
உள்ளங்கை அளவு கண்ணாடி.
அப்பா பின்னால் நின்று அவனுக்குத் தலை வாருவார்.
ஆறு வருஷம் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறான்.
திரும்பிப் பார்த்தால் சீப்பால் உச்சியில் ஒரு தட்டு.

அந்த நேரத்தில் பாக்கியவதி
நெற்றி விளக்கோடு நிரையில் நாற்பதாவது மரத்தில் இருப்பாள்.
கண்ணாடிக்குள் இருந்த மனுஷனை
அவள் சந்தித்ததே இல்லை.

மின்விசிறி பேனரின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
கிட்டே போனாள்.
மீசை நுனியைத் தொட வந்தவள்
மை காயவில்லை என்று கையை இழுத்துக்கொண்டாள்.

“சவரம் பண்ணும்போது
அவரு பார்த்ததும் இந்த மூஞ்சியத்தானா?”

“ஆமாம்,” என்றேன்.
சொல்லும்போதே
என் முகத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது.

ராத்திரி இன்னொன்று அடித்தேன், திருப்பாமல்.
தோட்ட வாசலின் இரண்டு பக்கமும் கட்டினார்கள்.
சன்னாசியைச் சன்னாசி பார்த்துக்கொண்டிருக்க
நடுவில் செம்பனைக் குலை லோரிகள்
புழுதி கிளப்பிப் போயின.
ஆ செங் மட்டும் கேட்டான்,
இரட்டைப் பிறவியா, ரெண்டு பேருமா போய்ட்டாங்க என்று.

இரண்டாவதுக்குக் காசு வேண்டாம், தப்பு என்னுது என்றேன்.
பாக்கியவதி நாற்பது ரிங்கிட்டை
கீபோர்டின் மேலேயே வைத்தாள்.

“வாங்கிக்கோ.
அதுவும் ஒரு ஆளுதானே.”